பேப்பர் படிக்கிற அப்பாக்கள்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே முப்பது வயதைத் தாண்டியும் யாராவது கல்யாணம் ஆகாமல் இருக்கிறார்கள் என்றால், ஒன்று அவர்கள் இன்னும் பொருத்தத்தின் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இல்லையென்றால் அது நானாக இருக்கும்.

பொருத்தம் என்பது அவர் பெயரில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் எங்கோ இருக்கிறது, யாரும் அதைப் போய்ப் பார்த்ததில்லை. தொழில் கல்யாணத் தரகு. வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் வரும். டீக்கு வடை பொருத்தம். இந்த ரோட்டுக்கு அந்த பஸ் பொருத்தம். பஸ் ஸ்டாண்டில் நடுவழியில் படுத்திருக்கும் மாடும் அதைத் தாண்டிப் போக முடியாமல் ஹாரன் அடிக்கும் டிரைவரும் ஒருவருக்கொருவர் நல்ல பொருத்தம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன் வைத்திருப்பார். ஒன்று பெண் வீட்டுக்கு, இன்னொன்று பையன் வீட்டுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தால் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு, "அவங்களேதான் ஆசையா கேக்கறாங்க" என்று ஒரே பொய்யை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். நேரம் மிச்சம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நான் டியூஷன் எடுக்கிறேன். காலேஜ் முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம், சனி ஞாயிறுகளில். போன வருஷம் பாடத்தில் ஐந்து சிறுகதைகள் இருந்தன. ஐந்தும் வளரும் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றியவை. பரீட்சையில் இரண்டே கேள்விதான் மாற்றி மாற்றி வரும்: கதாபாத்திரத்தின் பண்புநலன்களை விவரி, கதையின் மையக்கருத்தை விளக்கு. இந்த இரண்டையும் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றுவதற்குள் எனக்கு நெஞ்சு வறண்டுவிடும்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து நான் படி இறங்கும்போது பொருத்தம் படி ஏறி வந்தார். என்னைத் தேடி அவர் வந்தால் காரணம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அதுக்கு வரல டீச்சர். எனக்கு டியூஷன் எடுக்கணும்."

கையில் அதே சிறுகதைப் புத்தகம் இருந்தது. அவர் மகள் கயல்விழி விழுப்புரத்தில் ஒரு காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் பொங்கலிலிருந்து அப்பாவோடு பேசுவதில்லை என்பது எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரியும். ஏன் என்பதை அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு அவரே சொன்னார்.

தரகுத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம். வந்தவர்களுக்குப் போனில் ஏழெட்டுப் போட்டோவாவது காட்டணும். நாலு காட்டினால், 'இவர்கிட்ட சரக்கு இல்ல' என்று எழுந்து போய்விடுவார்கள். பொங்கல் சமயத்தில் ஒரு பார்ட்டி வந்தபோது ஒரு போட்டோ குறைந்தது. "கூட்டத்துக்கு இருக்கட்டும்னு" மகள் பொங்கலுக்குப் புடவை கட்டி எடுத்துக்கொண்ட போட்டோவைச் சேர்த்துவிட்டார். மற்ற ஏழு போட்டோவையும் வேகமாகத் தள்ளிவிட்டு அவர்கள் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அது யார் என்று சொல்லாமல் சமாளித்து அனுப்பியிருக்கிறார். அவர்கள் விடுவார்களா, அவர்களும் விசாரித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டில் பழம், பூவோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கதவைத் திறந்தது கயல்.

"ஒரு வார்த்தை பேசல டீச்சர். அவங்களுக்குத் தண்ணி குடுத்தா. உள்ள போனா. அவ்ளோதான். அன்னியிலேருந்து என்கிட்ட பேச்சே இல்ல."

"இந்தப் புத்தகம் எதுக்கு?"

"அவங்கம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தா, என் காதுல விழுறா மாதிரி. 'அவருக்கு நான் சொன்னாலும் புரியாதும்மா. இந்தப் புக்குல இருக்கற ஒரு கதை புரிஞ்சிருந்தாக்கூட அவரு அப்படிப் பண்ணியிருக்க மாட்டாரு'ன்னு. அதான், புரிஞ்சுக்கினு வந்து நிக்கலாம்னு. எனக்கு அவ பேசணும் டீச்சர். திட்டட்டும், பரவால்ல."

எனக்கு வரன் பார்க்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். பசிக்கிறவன் பந்தியில் தண்ணீர் மட்டும் போதும் என்று சொல்வதுபோல அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், மடியில் ஒரு பை அவித்த மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு. பிள்ளைகள் "அங்கிள்" என்று கூப்பிட ஆரம்பிப்பதற்கு மல்லாட்டை தீரும் நேரம்கூட ஆகவில்லை.

முதல் கதை பூங்கோதை என்ற பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பற்றியது. தினமும் இறங்கும் நிறுத்தத்தில் ஒரு நாள் அவள் இறங்கவில்லை. பஸ் போகிற கடைசி ஊர் வரை போய், கடலைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. வாசித்து முடித்ததும் பொருத்தம் கையைத் தூக்கினார்.

"பொண்ணுக்கு வயசு?"

"பதினஞ்சு, பதினாறு இருக்கும்ணே."

"மைனரு. நான் இந்த வயசுல தொடுறதில்ல. சரி, கூடப் பொறந்தவங்க?"

"கதையில சொல்லலை."

"சொல்லலையா? எழுதனவரு விசாரிக்கவே இல்லையா?" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "அப்பாவுக்கு இன்னா வேலை?"

"அதுவும் இல்ல."

"எந்த ஆளுங்…"

"அந்தக் கேள்வி இந்த மாடியில கிடையாது" என்றேன்.

"சரி, சரி. சொந்த வீடா வாடகையா, அதையாவது சொல்லுங்க."

வகுப்பே பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. நான் பொறுமையாக விளக்கினேன். கதாபாத்திரத்தைப் புரிந்துகொள்வது என்றால் பயோடேட்டா எடுப்பதில்லை. அவள் என்ன செய்கிறாள், எதைச் செய்யாமல் விடுகிறாள், எங்கே தயங்குகிறாள் என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப மையக்கருத்து, குடும்பத்துல கவனிப்பு பத்தல. இந்த இடம் வேணாம்" என்று முடித்தார். அந்த மாதப் பரீட்சையில் சங்கீதா என்ற மாணவி, "பூங்கோதையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் குணத்தில் குறையொன்றுமில்லை" என்று எழுதி வைத்தாள். அதற்கு மார்க் போடுவதா வேண்டாமா என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டது தனிப் பேஜாரு.

இரண்டாவது கதையில் வந்தது வினை. ஒரு பையன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கோபத்தில் மலைக்கோயிலுக்கு ஏறிப் போகிறான். உச்சியில் நின்று கீழே தன் வீட்டுக் கூரையைத் தேடுகிறான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

"வந்தானா?" என்றார் பொருத்தம்.

"அது நம்ம யோசனைக்கு விட்டிருக்கு."

"அது இன்னா பழக்கம்? பெத்தவன் கீழ நின்னுக்கினு இருப்பான் இல்ல?"

அடுத்த வாரம் தாமதமாக வந்தார். சட்டை முழுக்கப் புழுதி. படியிலிருந்தே கத்தினார். "வந்துட்டான் டீச்சர். விசாரிச்சுட்டேன்."

"யாருண்ணே?"

"அந்தப் பையன்தான். மலை, மலை மேல கோயிலு, கீழ மடம், சுத்தி கொல்லைக்காடு. மயிலத்தைத் தவிர வேற எந்த ஊரு? போய் டீக்கடையில கேட்டேன். 'அப்பாகூட சண்டை போட்டுக்கினு மலையேறின பையன் யாராவது உண்டா'ன்னு. 'எங்க ஊர்ல அது யாருதான் பண்ணல'ன்னாங்க. ஒருத்தன் செல்போன் கடையே வச்சிருக்கான். அன்னிக்குச் சாயங்காலமே பசி தாங்காம இறங்கிட்டானாம். அப்பா ஒண்ணும் கேக்காம கேப்பைக் கூழ் ஊத்திக் குடுத்தாராம்."

"அண்ணே, அது கற்பனைக் கதை" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். பாடத்தை முடிக்க வேண்டிய கவலை எனக்கு.

"இருக்கட்டும் டீச்சர். வந்துட்டான்னு தெரிஞ்சா ஒரு நிம்மதிதானே" என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தார். அதற்கு மேல் எனக்கும் திட்ட மனம் வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கேள்விக்கு விடையில் கூழை எழுதிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் இருந்தது. இரண்டு பேர் எழுதினார்கள்.

இப்படியே ஐந்து கதையும் முடிந்தன. வீட்டில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. இரண்டே அறை உள்ள வீட்டில், ஒரு கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பற்றி, "சாப்ட வரச் சொல்லும்மா அவர" என்று அடுப்பங்கரையைப் பார்த்துச் சொல்கிறாளாம். இவரும் பழக்கதோஷத்தில், "வர்றேன்னு சொல்லு" என்று மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் நீங்க தரகரு. உங்களுக்கு நான் தரகரா? எனக்கு கமிஷன் எவ்ளோ?" என்று கேட்டிருக்கிறார். இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை.

திருப்புதல் வகுப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். நான் எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து நின்றார். வழக்கமாகக் கையைத் தூக்குகிற மனிதர், அன்றைக்கு எழுந்தே நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? இந்த அஞ்சு கதையிலயும் அப்பாங்க இன்னா பண்றாங்க?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன்.

"நான் பாத்துட்டேன். முதல் கதையில பேப்பர் படிக்கிறாரு. மூணாவதுல பேப்பர் படிக்கிறாரு. நாலாவதுல தூங்கறாரு. ரெண்டாவதுல ஒரு அறை விடறாரு, அதோட காணோம். அஞ்சாவதுல செத்தே போயிட்டாரு. இருக்கறதுலயே அவருக்குத்தான் நல்ல பேரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். சங்கீதா, "எங்கப்பா பேப்பர்கூட படிக்க மாட்டாரு அங்கிள், போன்தான் பாப்பாரு" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் டீச்சர் அப்படி?"

பாடமாகவே பதில் சொன்னேன். கதையை அந்தப் பிள்ளையின் கண்ணால் சொல்கிறார்கள், அந்தக் கண்ணுக்கு அப்பா அவ்வளவுதான் தெரிகிறார் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப என் பொண்ணு கண்ணுக்கு நான் இன்னாவாத் தெரியறேன்?"

"அதை அவகிட்டதான் கேக்கணும்ணே."

"அவதான் பேச மாட்டாளே" என்றவர், புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, அக்கம்பக்கத்துல விசாரிச்சுடலாம்" என்றார். தமாஷ் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன். அவர் தொழிலில் தமாஷ் பண்ணுகிற ஆள் இல்லை என்பது என் புத்தியில் ஏறவில்லை.

மறுநாளே விழுப்புரம் போயிருக்கிறார். கயல் படிக்கும் காலேஜ் வாசலில் ஒரு அக்கா டீயும் பஜ்ஜியும் போடுகிறார். அங்கே போய், ஒரு பஜ்ஜியை வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்காக வாயில் ஊறிப்போன அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். "பையன் வீட்டுலேருந்து வர்றேங்க. கயல்விழின்னு ஒரு பொண்ணு, ஃபர்ஸ்ட் இயரு. குணம் எப்படி?"

ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்வது? எந்தப் பாவத்துக்கு மகள் பேச்சை நிறுத்தினாளோ, அதே பாவத்தை அவள் காலேஜ் வாசலில் போய், அவளுக்காகவே செய்கிறார்.

அந்த அக்கா முதலில் பதமாகத்தான் பேசியிருக்கிறார். "தங்கமான பொண்ணு. டீயில சக்கரை போட மாட்டா. எந்தப் பொண்ணு அழுதாலும் இவதான் இட்டுக்கினு வந்து பஜ்ஜி வாங்கித் தருவா. ஆனா வாயி ஜாஸ்தி. அவங்கப்பா மாதிரி பேசிக் காட்டுவா பாருங்க, ரெண்டு காதுலயும் போன வச்சிக்கினு, 'அவங்களேதான் ஆசையா கேக்கறாங்க'ன்னு. அந்த வடைக்கு இந்தச் சட்னி பொருத்தம்னு. எங்களுக்கு வயிறு வலிக்கும். தெனம் ஒரு தடவ பண்ணச் சொல்லிக் கேப்போம்."

இதைக் கேட்டதும் பொருத்தத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவன் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதால் யாருக்குச் சந்தேகம் வராது? "யோவ், யாருய்யா நீ?" என்று அக்கா குரலை உயர்த்தினார். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி போனில் படம் எடுத்தாள், இன்னொருத்தி போலீசைக் கூப்பிடு என்றாள். வாட்ச்மேன் வந்து சட்டையைப் பிடித்தார். இந்த அமளியில் யாரோ ஓடிப் போய்க் கயலைக் கூட்டி வந்துவிட்டார்கள்.

"இந்த ஆளு பையன் வீட்டுலேருந்துன்னு உன்னப் பத்தி விசாரிக்கறாரு. யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார் அக்கா.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இந்த இடத்தைச் சொல்லும்போது பொருத்தம் எங்கள் மாடியில் நின்றுகொண்டு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"டீச்சர், அவ 'தெரியாது'ன்னு சொல்லியிருந்தா நான் பேசாம போலீசு வண்டியில ஏறியிருப்பேன். சத்தியமா. அவ மேல தப்பு சொல்லவே மாட்டேன்."

"இன்னா சொன்னா?"

"என்னையே பாத்துக்கினு நின்னா. அப்புறம் 'எங்கப்பாக்கா'ன்னா. 'நான் சொல்வேன் இல்ல, அவருதான்'னா."

உடனே வாட்ச்மேன் கை தளர்ந்தது. அக்கா இவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அய்யே, அவரா இவரு" என்றார். "அந்த ரெண்டு போன காட்டுங்க பாக்கலாம்." இவரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் காட்டியிருக்கிறார். போலீசைக் கூப்பிடச் சொன்ன பெண்ணே இவரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாளாம். பஜ்ஜிக்குக் காசு வாங்க அக்கா மறுத்துவிட்டார்.

கயல் அவர் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியிருக்கிறாள். பஸ் கிளம்பியதும் ஆரம்பித்தாளாம். முண்டியம்பாக்கம் வரைக்கும் அந்தப் போட்டோ விஷயம். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் அந்தப் பழத்தட்டு. அதற்குப் பிறகு மூணாங்கிளாஸ் ஆண்டு விழாவில் அவள் ஆடும்போது அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனது, சைக்கிளில் விழுந்து கையை உடைத்துக்கொண்ட அன்று எவனுக்கோ நிச்சயதார்த்தம் என்று அவர் போனது, எல்லாம் வரிசையாக வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்கப் பயந்து முன்னால் நின்றுகொண்டாராம்.

"கூட்டேரிப்பட்டு தாண்டினதும் ஒண்ணு கேட்டா டீச்சர். 'ஊருல இருக்கற பொண்ணுங்கள பத்தியெல்லாம் விசாரிக்கறியே, என்னப் பத்தி என்கிட்ட என்னிக்காவது ஒரு வார்த்த கேட்டியாப்பா'ன்னா. 'இப்ப கேக்கறேன்'னேன். 'இன்னா கேக்கப் போற, கேளு'ன்னா."

வகுப்பு முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தோணல. வரன் வீட்டுல கேக்கறதெல்லாம் தலைகீழா தெரியும். இவகிட்ட கேக்க ஒண்ணு வரல. கடைசியா, 'டீயில சக்கர போட மாட்டியாமே, எப்பலேருந்து?'ன்னு கேட்டேன்."

"அவ?"

"ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா. 'ஏழாவதுலேருந்து'ன்னா. அப்புறம் அழுதா. நானும் அழுதேன். அப்புறம் கண்ண தொடச்சிக்கினு திரும்ப விட்ட எடத்துலேருந்து திட்ட ஆரம்பிச்சா. திண்டிவனம் வரைக்கும் நிறுத்தல டீச்சர், ஒரு நிமிஷம் நிறுத்தல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நூறாவது கல்யாணத்தை முடித்துவைத்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருந்திருக்காது. சங்கீதா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் திரும்பிக்கொண்டு போர்டை அழித்தேன். அதில் அழிக்க ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது. கதையெல்லாம் மகளே வீட்டில் சொல்லித் தருகிறாளாம். "நீங்க நடத்தறத விட அவ நல்லா நடத்தறா டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஒரு நாள் மல்லாட்டைப் பையோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். மல்லாட்டையையும் எடுத்துக்கொண்டேன். இப்போது போனில் மகள் போட்ட நிபந்தனைக்குள் வரும் போட்டோக்கள் மட்டும்தான் இருக்கின்றனவாம். அதாவது அந்தந்தப் பெண்ணிடமே கேட்டு, அவள் சரி என்ற பிறகு சேர்த்தவை. நாலுதான் தேறியிருக்கிறது. பார்ட்டிகள் எழுந்து போகிறார்களாம். "போவட்டும்" என்கிறார்.

அன்றைக்குப் படி இறங்கியவர் பாதியில் நின்று திரும்பினார்.

"டீச்சர், ஒரு இடம்…"

"அண்ணே, நிபந்தனை."

"இல்ல, இல்ல. யாருகிட்டயும் விசாரிக்கல. உங்ககிட்டயே கேக்கறேன். வேணுமா?"

இத்தனை வருஷத்தில் பெரியம்மா, சித்தி, பக்கத்து வீடு, பால்காரர் வரைக்கும் என் கல்யாணத்தைப் பற்றி எல்லோரும் எல்லோரிடமும் பேசியிருக்கிறார்கள். என்னிடம் வேணுமா என்று கேட்ட முதல் ஆள் ஒரு கல்யாணத் தரகர்.

"வேணாம்ணே" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

இந்த வருஷம் பாடப்புத்தகம் மாறிவிட்டது. புதுசாக வேறு ஐந்து கதைகள், வேறு பிள்ளைகள், வேறு ஊர்கள். முதல் கதையிலேயே ஒரு அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வகுப்பில் அந்த வரி வந்ததும் நான் நிறுத்திவிடுகிறேன். அந்தப் பேப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், பின்னால் இரண்டு போனோடு ஒரு மனிதர், தன் மகளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.